அன்று என்னை எண்ணவில்லை

விய வருடம், ஐப்பசி, செவ்வாய்

இன்று காலை கர்னல் வெதர்பியிடம் போய், என் காலம் முடிந்துவிட்டது, என்னை விட்டுவிடுங்கள் என்று கேட்டேன்.

அவன் முகம் மழித்துக்கொண்டிருந்தான். கத்தியைத் துடைத்தபடி, எந்தக் காலம் என்றான். ஐந்து வருட ஒப்பந்தம் என்றேன். அது போன வருடமே முடிந்தது. காய்ச்சலில் படுத்திருந்த நாட்களுக்கு ஈடு என்று அவன் கேட்ட கூடுதல் வருடமும் இப்போது முடிந்தது. ஒப்பந்தத் தாள் எங்கே என்றான். உங்கள் பெட்டியில்தான் வைத்தீர்கள் என்றேன். புகைபோக்கி தீப்பிடித்தபோது அந்தப் பெட்டியும் போய்விட்டதாம்.

பிறகு கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "இந்தியாவுலேர்ந்து வந்தவளுக்குக் காலம்னு ஒண்ணு கிடையாது. ஆயுசுதான். போய்ப் பன்னிக்குத் தீனி வை."

வைத்தேன். பன்றிகள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

இன்று முதல் நடப்பதை எழுதி வைக்கப்போகிறேன். லண்டனிலிருந்து வரும் துணி மூட்டைகளைச் சுற்றிய தாள் இருக்கிறது. காட்டுப் பழத்தின் சிவப்புச் சாறும் வாத்து இறகும் இருக்கின்றன. இந்தக் கரையில் என் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆகவே எதையும் மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஐப்பசி, வியாழன்

மாதம் என் மனக்கணக்கு. கிழமை மட்டும் நிச்சயம், ஏனென்றால் ஞாயிறன்று எல்லோரையும் தேவாலயத்துக்கு ஓட்டிப்போவார்கள். வெள்ளைக்காரர் கணக்கில் இது 1706.

நான் தையல்நாயகி. பரங்கிப்பேட்டை. அப்பா துணிக் கிடங்கில் கணக்கெழுதினார். கண் மங்கத் தொடங்கியதும் எனக்கு எழுத்தறிவித்தார், அவருக்கு வாசித்துக் காட்ட ஆள் வேண்டியிருந்தது. கல்யாணமான வேகத்தில் விதவையானேன். தேவனாம்பட்டினத்தில் ஒரு இங்கிலீஷ் வியாபாரி வீட்டில் பிள்ளை வளர்க்கப் போனேன். அவர்கள் ஊர் திரும்பியபோது என்னையும் லண்டனுக்குக் கூட்டிப் போனார்கள். பிள்ளை வளர்ந்ததும், இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆற்றங்கரையில் வாப்பிங் என்ற இடத்தில் கூலிக்குத் துணி துவைத்தேன். ஒரு வீட்டுக்காரி என்னை அடித்தாள். மறுநாளே அவள் வேலையை விட்டு அடுத்த தெருவில் சேர்ந்தேன். யாரும் துரத்தி வரவில்லை.

ஊர் திரும்பக் கப்பல் கூலி இல்லை. கேப்டன் பிரைஸ் என்பவர், வர்ஜீனியாவில் ஐந்து வருடம் வேலை செய்தால் கையில் பணத்தோடு திரும்பலாம் என்றார். நானே நடந்துபோய்க் கப்பல் ஏறினேன். இதை இங்கே அழுத்தி எழுதுகிறேன்: நானே நடந்துபோய் ஏறினேன்.

ஐப்பசி, சனி

இங்கே ஊர் என்று ஒன்று கிடையாது. கடல் உள்ளே நுழைந்து நுழைந்து நிலத்தை விரல் விரலாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு விரலிலும் ஒரு துரை. ஒவ்வொரு துரைக்கும் ஒரு படகுத்துறை. லண்டன் கப்பல் ஆற்றுக்குள்ளேயே வந்து நிற்கும், படகில் சரக்கு வீட்டு வாசலுக்கே வந்துவிடும், அதனால் சந்தையும் இல்லை, கடைத்தெருவும் இல்லை. புகையிலை போகும். ஆணி, சட்டி, சாராயம், மனிதர்கள் வருவார்கள். காடு வெட்டிய ஒரு வெளியில் மாதம் ஒருநாள் நீதிமன்றம் கூடும். அதன் பக்கத்தில் ஒரு சாராயக் கடையும் ஓடத்துறையும் உண்டு. ஊர் என்று சொல்ல இருப்பது அவ்வளவுதான்.

அந்த நீதிமன்றத்தில் உட்காரும் நீதிபதிகளில் ஒருவன் கர்னல் வெதர்பி. ஊர்க்காவல் படைக்கும் அவன்தான் தலைவன். தேவாலய நிர்வாகக் குழுவிலும் இருக்கிறான். அவனைப் பற்றிப் புகார் சொல்ல வேண்டுமானால் மூன்று இடத்திலும் அவனிடமே சொல்ல வேண்டும்.

கர்னலின் மனைவியுடைய படுக்கைத் திரை எங்கள் பரங்கிப்பேட்டைக் கரையில் சாயமிட்டது. அந்தச் சிவப்பு வேறு எங்கும் வராது. அதைத் துவைப்பது என் வேலை. துணியும் நானும் ஒரே வழியாகத்தான் வந்தோம். துணியைப் பார்த்துப் பார்த்துப் பிரித்தார்கள்.

ஐப்பசி, செவ்வாய்

இவர்கள் பாஷையில் நீ, நீங்கள் எல்லாம் ஒரே சொல். ஆகையால் எழுதும்போது யாருக்கு மரியாதை என்பதை நான்தான் தீர்மானிக்க வேண்டும். கர்னலுக்கு 'அவன்' போதும். சமையல்காரி ஜூடித் என்னைக் கூப்பிடுவது எனக்கு 'ஏண்டி' என்றுதான் காதில் விழுகிறது. அப்படியே எழுதுகிறேன். அவள் இங்கேயே அடிமையாகப் பிறந்தவள்.

கர்னலின் படகை ஓட்டும் மிங்கோவும் அடிமை. பார்படோஸ் தீவிலிருந்து விலைக்கு வாங்கப்பட்டவர். இந்த ஆற்றின் மணல்திட்டுகள் அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அவரை 'அவர்' என்று எழுதுகிறேன். வயதில் மூத்தவர், அதனால்.

ஐப்பசி, வெள்ளி

புகையிலை வாசனை குமட்டுகிறது. இத்தனை வருடம் பழகிய வாசனை. இந்த வருட இலை சரியில்லை போலும்.

ஐப்பசி, ஞாயிறு

புதிய சட்டங்களை இங்கே வழிபாடு முடிந்ததும் தேவாலயத்தில் உரக்க வாசிப்பார்கள். படிக்கத் தெரியாதவர்களும் பயப்பட வேண்டுமே. பின் பெஞ்சில் ஜூடித்துக்கும் மிங்கோவுக்கும் நடுவில் உட்கார்ந்து கேட்டேன்.

கிறிஸ்தவ நாடல்லாத நாட்டிலிருந்து கப்பலில் வந்த வேலையாட்கள் அனைவரும் அடிமைகள். இங்கே வந்தபின் ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமைகள். ஜூடித் முழங்கையால் இடித்தாள். அவளுக்கு ஞானஸ்நானம் ஆகிவிட்டது, ஒன்றும் மாறவில்லை. அதன்பின் வாலாக ஒரு வரி வந்தது: கப்பல் ஏறும் முன் இங்கிலாந்தில் சுதந்திரமாக இருந்ததாக நிரூபிப்பவர்கள் நீங்கலாக.

அந்த வரியை வாய்க்குள் சொல்லிச் சொல்லி வீடு வரை கொண்டுவந்தேன். குழந்தைகள் தாயின் நிலையையே அடைவார்கள் என்றும் ஒரு சட்டம் வாசித்தார்கள். அது எனக்குச் சம்பந்தம் இல்லாதது.

கார்த்திகை, புதன்

இலையைத் தண்டிலிருந்து பிரிக்கும் வேலை. ஜூடித் எனக்குப் புளித்த காடிக் குப்பியை நீட்டினாள், பாதியைக் குடித்துவிட்டேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பித்தம் என்று சொன்னேன். "ஏண்டி, யார்கிட்ட சொல்ற" என்றாள்.

பாவாடை நாடாவைத் தளர்த்திக் கட்டினேன். பன்றிக் கொழுப்பு தின்றால் உடம்பு போடத்தானே செய்யும்.

கார்த்திகை, சனி

கப்பல்கள் வந்துவிட்டன. கேப்டன் பிரைஸ் கர்னல் வீட்டில் சாப்பிட வந்தார். நான்தான் பரிமாறினேன். தலை நரைத்திருந்தது. மற்றபடி அதே ஆள்தான்.

சாப்பிடும்போது முழுக்கத் தீர்வையைப் பற்றியே புலம்பல். கப்பலிலிருந்து ஓர் அடிமையை இறக்கினால் தலைக்கு இவ்வளவு என்று அரசுக்குக் கட்ட வேண்டும். வேலையாட்களுக்கு வேறு விகிதம். தீர்வை வசூலிக்கும் கிரிம்ஷா ஆட்கள் இறங்கும் பலகையருகே வந்து நின்றுவிடுகிறானாம். ஒரு தலையை ஒளித்தாலும் கப்பலைப் பிடித்துவைத்துவிடுவானாம். கர்னல் சிரித்தான். கிரிம்ஷாவும் அவனோடு நீதிமன்றத்தில் உட்காருபவன்தான்.

கேப்டன் வெளியே வந்ததும் வழிமறித்தேன். என்னைத் தெரிகிறதா என்றேன். தெரிந்தது. வாப்பிங்கில் அவருடைய சட்டைகளைக்கூட நான் துவைத்திருக்கிறேன். நான் அங்கே சுதந்திரமாக இருந்தவள் என்று நீதிமன்றத்தில் சொல்ல முடியுமா என்று கேட்டேன். காலணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"உங்க கர்னல் புகையிலை என் கப்பல்ல ஏறணும்மா. அது ஏறலைன்னா நான் வெறுங்கப்பலோட போகணும்."

கெட்ட மனிதர் இல்லை. அதனால் யாருக்கு என்ன லாபம்?

கார்த்திகை, திங்கள்

நேற்று வழிபாடு முடிந்ததும் படகுக்குப் போகாமல் எதிர்த்திசையில் நடந்தேன். நீதிமன்றம் வரை சேறுதான். வேலைக்காரி யாரானாலும் எஜமான்மேல் முறையிடலாம் என்று சட்டம் இருக்கிறது. அதை நம்பிப் போனேன். குமாஸ்தா கதவைத் திறந்து, இன்று ஓய்வு நாள் என்றார். அப்படியானால் நாளை வரை இந்த வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். உள்ளே போய் மனைவியோடு ஏதோ பேசினார், பிறகு பேனாவோடு வந்தார்.

பக்கத்துச் சாராயக் கடை விதவை டபித்தா கோல் என்பவளுடையது. ஓடத்துறையையும் அவள்தான் நடத்துகிறாள். நான் சொன்னதையெல்லாம் கதவருகே நின்று கேட்டிருக்கிறாள். "ஜெயிச்சுட்டு வா. கோர்ட் நடக்கிற நாள்ல சமைக்க எனக்கு ஆள் பத்தல. கூலி தரேன்" என்றாள். தோற்றால் என்ன என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இரவு அங்கே அடுப்படியில் படுத்துவிட்டு இன்று காலை நானாகவே திரும்பி வந்தேன். ஓடிப்போனவள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

கார்த்திகை, புதன்

முதுகு எரிகிறது. எழுதுவதற்கு முதுகு தேவையில்லை.

கார்த்திகை, வெள்ளி

நடந்ததை எழுதத்தான் வேண்டும்.

திங்கட்கிழமை மேற்பார்வைக்காரன் ஸ்டோக்ஸ் என்னைக் கொட்டகைத் தூணில் கட்டினான். கர்னல் முற்றத்தில் நின்று பார்த்தான். நான் கத்தவில்லை. கத்தாதது ஸ்டோக்ஸுக்குப் பிடிக்கவில்லை. கையை ஓங்கிக்கொண்டே இருந்தான். அப்போது ஜூடித் அடுப்படியிலிருந்து ஓடிவந்து, கரண்டியும் கையுமாக, தூணுக்கும் சாட்டைக்கும் நடுவில் நின்றாள். "வயித்துப் புள்ளக்காரிய அடிக்காதீங்க" என்றாள்.

ஸ்டோக்ஸ் கையைத் தாழ்த்தினான். கர்னல் அருகில் வந்து என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தான். மாட்டைப் பார்ப்பது போலத்தான். பிறகு முகம் மலர்ந்தது.

"அப்படின்னா எனக்கு ரெண்டாச்சு" என்றான்.

யார் காரணம் என்று கேட்கவில்லை. அவனுக்கு அது தேவையில்லை.

ஆமாம். ஆடி மாதத்திலிருந்தே எனக்குத் தெரியும். எழுதினால் நிஜமாகிவிடும் என்று எழுதாமல் இருந்தேன். இந்தத் தாளைப் படிக்க யாருமே இல்லாதபோதும் மறைத்திருக்கிறேன். பித்தமும் இல்லை, பன்றிக் கொழுப்பும் இல்லை. பங்குனியில் பிறக்கும். நான் அடிமையாக இருந்தால் அதுவும் அடிமை. அதன் பிள்ளையும் அடிமை. கர்னலின் பேரன் வந்து என் பேத்தியைத் தலை முதல் கால் வரை பார்ப்பான்.

பார்க்கப்போவதில்லை.

கார்த்திகை, ஞாயிறு

அவரிடம் சொன்னேன், பிள்ளைக்குத் தகப்பன் அவர்தானே. கர்னலின் படகுக்குக் கீல் பூசிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தவில்லை. ஒரு பலகை முழுக்கப் பூசி முடித்தார். பிறகு, தெற்கே சதுப்புக் காட்டில் ஓடிப்போனவர்கள் சிலர் வாழ்கிறார்கள், வழி எனக்குத் தெரியும் என்றார்.

நான் வரமாட்டேன் என்றேன். அங்கே பிறந்தால் பிள்ளை ஆயுள் முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்தே வளரும். நான் முன்வாசல் வழியாகத்தான் போவேன்.

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. நான் வந்து இறங்கிய நாளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். என்னைக் கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுவந்தது அவருடைய படகுதான். அதே கப்பலில் பார்படோஸிலிருந்து சில கறுப்பர்களும் வந்திருந்தார்கள். கரையில் பலகையருகே கிரிம்ஷா நின்றானாம். அடிமைகள் ஒவ்வொருவர் தலையையும் பிரம்பால் தொட்டு உரக்க எண்ணினானாம். நான் இறங்கியபோது பிரம்பைத் தாழ்த்தி வழிவிட்டானாம்.

"அன்னைக்கு உன்னை எண்ணல. அப்பவே நெனச்சேன், இந்தப் பொம்பளைக்குத் திரும்பிப் போக வழி இருக்குன்னு."

அவர் பார்த்ததை அவரே மன்றத்தில் சொல்ல முடியாது. கறுப்பர் சத்தியம் அங்கே செல்லாது. ஆனால் கேப்டன் சாப்பாட்டு மேசையில் புலம்பியது எனக்கு ஞாபகம் வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். அவரும் பார்த்தார். கீல் வாளியைக் கீழே வைத்துவிட்டு முதல்முறையாகச் சிரித்தார்.

மார்கழி, வெள்ளி

பன்றி வெட்டும் வாரம். உப்பு போட்டுப் போட்டுக் கையெல்லாம் வெடித்திருக்கிறது. என் வழக்கு தை மாத அமர்வில் என்று ஆள் வந்து சொல்லிப் போனார். கர்னல் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் மனைவி மட்டும், உனக்கு இங்கே என்ன குறை என்று கேட்டாள். உண்மையாகவே கேட்டாள். பதில் சொல்ல ஆரம்பித்தால் திரை காயாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தை, திங்கள்

நாளை நீதிமன்றம். வீட்டுக்கும் நீதிமன்றத்துக்கும் நடுவிலிருக்கும் ஓடை உறைந்துவிட்டது. கர்னல் பெரிய குதிரையில் சுற்றுவழியாக இன்றே கிளம்பிவிட்டான். போகும்போது படகுகளைக் கரையேற்றச் சொல்லி, யாரும் இடத்தைவிட்டு நகரக் கூடாது என்று ஸ்டோக்ஸிடம் உத்தரவு போட்டான். முறையிட்டவள் வராவிட்டால் வழக்கு தள்ளுபடி. இவ்வளவு எளிது.

தை, வியாழன்

செவ்வாயன்று விடியும் நேரத்தில் ஜூடித் பின்கதவுத் தாழ்ப்பாளை எடுத்தாள். ஸ்டோக்ஸ் கேட்டால் காற்றில் திறந்துகொண்டது என்று சொல்லிக்கொள்வாளாம். ஓடைக்கரையில் அவர் நீண்ட துடுப்போடு நின்றார். வரவேண்டாம் என்றேன். எனக்கு முன்னால் பனிக்கட்டியில் இறங்கினார்.

இந்த ஓடையில் கடல் ஏறி இறங்கும். அதனால் பனிக்கட்டி ஒரே சீராக உறையாது. கீழே தண்ணீர் இறங்கிவிட்டால் மேலே வெறும் ஓடுதான் நிற்கும். அவர் ஒவ்வோர் அடிக்கும் துடுப்பால் குத்திப் பார்த்தார். சத்தம் கெட்டியாக இருந்தால் கால் வைத்தார். நான் அவர் கால் எடுத்த இடத்தில் என் காலை வைத்தேன். நடுவில் ஓரிடத்தில் எங்கள் அடியில் நீளமாக ஏதோ முனகியது. இருவரும் நின்றோம். வயிற்றில் பிள்ளை உதைத்தது. இதற்குப் பயமே இல்லை என்று நினைத்தேன். அதன் பின் எனக்கும் இல்லை.

மறுகரையில் அவரைத் திரும்பிப் போகச் சொன்னேன். போகவில்லை. நீதிமன்ற வாசல் வரை வந்து, குதிரைகளைப் பிடித்துக்கொண்டிருந்த ஆட்களோடு நின்றுகொண்டார்.

உள்ளே புகையும் ஈரக் கம்பளி நாற்றமும். வழக்கு இல்லாதவர்களும் குளிருக்கு வந்திருந்தார்கள். கேப்டன் பிரைஸ் கணப்பருகே உட்கார்ந்திருந்தார். நீதிமன்ற நாளில்தான் எல்லோரும் ஒரே இடத்தில் கிடைப்பார்கள் என்று வியாபாரம் பேச வந்திருந்தார். என் பெயரை ஏதோ ஒரு விதமாகக் கூப்பிட்டார்கள். கர்னல் சாவகாசமாக நாற்காலியில் சாய்ந்தான். நான் எழுந்து நின்றதும் அவன் முகம் மாறியது. வழக்கு அவனுடையது என்பதால் நீதிபதி மேடையிலிருந்து இறங்கி வந்து முன் பெஞ்சில் உட்கார வேண்டியிருந்தது. அவன் உட்கார்ந்த உயரம் முதல்முறையாக என் கண்ணுக்குக் கீழே இறங்கியது.

அவன் வக்கீல் பேசினார். நான் கிறிஸ்தவ நாடல்லாத நாட்டுக்காரி, கப்பலில் வந்தவள், ஆகவே அடிமை, மேற்கொண்டு பேச என்ன இருக்கிறது என்றார். தலைமை நீதிபதி, ஓயாமல் இருமும் ஒரு கிழவர், இங்கிலாந்தில் சுதந்திரமாக இருந்ததற்குச் சாட்சி உண்டா என்று என்னிடம் கேட்டார்.

பார்த்தவர் ஒருவர் இருக்கிறார், அவர் வாய் இந்த அறையில் செல்லாது, அதனால் செல்லுகிற வாயாகப் பார்த்துக் கூப்பிடுகிறேன் என்றேன். கேப்டன் பிரைஸைக் காட்டினேன்.

அவருக்கு எழுந்திருக்க மனமே இல்லை. எழுந்தார். வேதப் புத்தகத்தில் கைவைத்தார். கர்னல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். லண்டனைப் பற்றிக் கேட்டால் மறந்துவிட்டது என்பார். அதனால் லண்டனைப் பற்றிக் கேட்கவில்லை.

"கேப்டன் ஐயா, என்னை இந்த ஆத்தங்கரையில இறக்கினது நீங்க. அடிமைன்னு இறக்கினீங்களா, வேலைக்காரின்னு இறக்கினீங்களா?"

அவர் கர்னலைத் திரும்பிப் பார்த்தார்.

"அடிமைன்னா எனக்கும் தலைத்தீர்வை கட்டியிருப்பீங்க. கிரிம்ஷா துரை பலகைகிட்டதான் நின்னாரு. அவருக்கு ஞாபகம் இருக்கும்."

மேடையில் இருந்த கிரிம்ஷா அதுவரை நகம் வெட்டிக்கொண்டிருந்தான். கத்தியை மடக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். கேப்டனை ஒரு பார்வை பார்த்தான். என்மேல் அவனுக்கு எந்த இரக்கமும் இல்லை. ஒளித்து இறக்கிய ஒரு தலை, அதற்காகப் பிடித்துவைக்கக்கூடிய ஒரு கப்பல், இவைதான் அவன் கண்ணில் ஓடின.

கேப்டனுக்கு ஒருபக்கம் கர்னலின் புகையிலை. மறுபக்கம் கப்பல். பாவம், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வேலைக்காரி. அதுக்குண்டானத அன்னைக்கே கட்டிட்டேன். லண்டன்ல கூலி வேலை பாத்துட்டிருந்தா. தானா நடந்து வந்துதான் கப்பல் ஏறினா."

அறையில் யாரோ சிரித்தார்கள். கர்னல் எழுந்துவிட்டான். சரி, அவள் போகட்டும், வயிற்றில் இருப்பது என் நிலத்தில், என் சோற்றில் வளர்ந்தது, அது எனக்கு உரியது என்றான். ஐப்பசியில் தேவாலயத்தில் வாசித்த சட்டத்தை மறுபடி ஒருமுறை வாசிக்கச் சொல்லி மட்டும் கேட்டேன். குமாஸ்தா எடுத்து வாசித்தார். குழந்தைகள் தாயின் நிலையையே அடைவார்கள்.

எங்களைக் கட்டிப்போட அவர்கள் முறுக்கிய கயிறு அது. அதை அவர்களைக் கொண்டே அவிழ்க்க வைத்தேன். அந்தக் கிழவர் இருமி முடித்துவிட்டு, இவள் சுதந்திரமானவள், எழுதிக்கொள் என்றார்.

வெளியே வந்தேன். வாசலில் அவர் இல்லை. ஸ்டோக்ஸ் வந்து இழுத்துப் போய்விட்டான் என்று குதிரைக்காரர்கள் சொன்னார்கள்.

தை, சனி

டபித்தா கோல் வீட்டில் இருக்கிறேன். சமையல், துவைத்தல், ஓடத்துக்கு மணி அடித்தால் பார்த்துக்கொள்வது. கூலி உண்டு. என் பழைய உடுப்புகளைக் கேட்டு ஆள் அனுப்பினாள். கர்னல் கொடுக்கவில்லை.

மாசி, செவ்வாய்

அவரை என்ன செய்தார்கள் என்று ஜூடித் சொல்லியனுப்பினாள். எழுத மாட்டேன். உயிரோடு இருக்கிறார். படகை விட்டு எடுத்துக் காடு வெட்டப் போட்டிருக்கிறார்கள்.

நான் ஜெயித்தேன் என்று சாராயக் கடையில் எல்லோரும் சொல்கிறார்கள். அவர்கள் சொல்லும்போது தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறேன்.

மாசி, ஞாயிறு

புதிய படகோட்டி கர்னலின் புகையிலைப் பீப்பாய்களை மணல்திட்டில் ஏற்றிவிட்டானாம். இரண்டு பீப்பாய் தண்ணீரில். கப்பல்களோ வசந்தத்தில் கிளம்பியாக வேண்டும். அவரை மறுபடி படகுக்கு எடுத்துவிட்டார்கள். இன்று இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தேன்.

இங்கிருந்து வடக்கே போனால் பிலடெல்பியா என்று பெரிய ஊர் இருக்கிறது, அங்கே கூலி அதிகம் என்று டபித்தா சொல்கிறாள். இருக்கட்டும். இந்த ஓடத்துறையைத் தாண்டித்தான் கர்னலின் படகு கப்பலுக்குப் போக வேண்டும். நான் இங்கேயே இருக்கிறேன்.

பங்குனி, வெள்ளி

பெண். இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம்.

பங்குனி, வியாழன்

வேம்பு என்று பெயர் வைத்தேன். இந்தக் காடு முழுக்கத் தேடினாலும் ஒரு வேப்பமரம் கிடையாது. ஒன்றாவது இருக்கட்டும். சாராயக் கடைக்கு வருபவர்கள் 'வெம்பா' என்கிறார்கள். டபித்தா அவளைச் சோளமாவுத் தொட்டியில் படுக்க வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கிறாள்.

சர்வசித்து வருடம், சித்திரை, திங்கள்

தேவாலயக் காரியக்காரர் வந்தார். புருஷன் இல்லாமல் பிறந்த பிள்ளை என்றால் இவர்களுக்கு விசாரணை உண்டு. தகப்பன் பெயர் என்ன என்று கேட்டார். கர்னல்தான் அனுப்பியிருக்க வேண்டும். பெயர் தெரிந்தால் அந்தப் பெயருக்குரியவரைத் தெற்கே விற்றுவிட அவனுக்கு ஒரு காரணம் கிடைக்கும்.

"எங்க ஊர்ல பொம்பளைங்க அந்தப் பேரைச் சொல்றதில்ல" என்றேன்.

இது என்ன பதில் என்றார். எங்கள் ஊரில் எல்லோரும் சொல்லும் பதில் என்றேன். பொய் இல்லையே.

பெயர் சொல்லாவிட்டால், திருச்சபைக்குப் பாரமாகாமல் பிள்ளையை யாராவது துரையிடம் வேலைக்கு எழுதிக் கொடுத்துவிடுவோம், வளர்ந்து ஆளாகும் வரை அங்கேதான் இருக்கும் என்றார். நான் பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டேன். பனிக்கட்டிமேல் நடந்து வந்து கர்னலை மேடையிலிருந்து இறக்கியவள் நான், உங்களுக்காக இன்னொரு முறை அந்த அறைக்கு வரவும் எனக்குக் கஷ்டம் இல்லை என்றேன். டபித்தா அடுப்படியிலிருந்தே, அந்தப் பிள்ளை என் சமையலில் வளர்கிறது, திருச்சபை ஒரு கரண்டி கஞ்சி கொடுத்ததா, கொடுக்காத கஞ்சிக்கு என்ன பாரம் என்று கேட்டாள். அவர் ஒரு குவளை ஆப்பிள் கள் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். மறுபடி வருவார். வரட்டும்.

சித்திரை, புதன்

கப்பல்கள் இன்று கிளம்புகின்றன. காலையிலிருந்து கடைசிப் பீப்பாய்கள் ஆற்றில் போய்க்கொண்டிருக்கின்றன. துணி உலர்த்தப் போனவள் கர்னலின் படகைப் பார்த்தேன். பாய் விரித்து, பீப்பாய் அடுக்கி, திருப்பத்தைக் கடந்து வந்துகொண்டிருந்தது. பின்னால் சுக்கான் பிடித்து அவர் நின்றார். மெலிந்திருந்தார். முன்னால் ஸ்டோக்ஸ் உட்கார்ந்திருந்தான்.

நான் உள்ளே ஓடிப் பிள்ளையை எடுத்துக்கொண்டு ஓடத்துறையின் கடைசிப் பலகை வரை போனேன். பட்டப்பகல். ஒரு தாய் தன் பிள்ளையைத் தூக்கிப் பிடித்து ஆறு காட்டக் கூடாது என்று இந்தக் கரையில் யாரும் இன்னும் சட்டம் போடவில்லை. துணியை விலக்கி, முகம் ஆற்றுப் பக்கம் தெரியும்படி, இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினேன். அவள் அழவில்லை. காற்றில் காலை உதைத்தாள்.

நேராகப் போக வேண்டிய படகு, திட்டே இல்லாத இடத்தில், கரைப் பக்கமாக ஒரு சுற்று ஒதுங்கி வந்தது. முகம் தெரியும் தூரம். அவர் பார்த்தார். தொப்பியைக் கழற்றவில்லை, கை அசைக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஸ்டோக்ஸும் திரும்பிப் பார்த்தான். முதலில் என்னை, பிறகு அவரை, மறுபடி பிள்ளையை.

பெயரை நான் சொல்லவில்லை. கையையும் இறக்கவில்லை. பார்க்கட்டும்.